வெயிலில் ஒழுகிய கார்

என் கார் முதல்முறை ஒழுகியபோது நல்ல வெயில். ஊருக்கு வெளியே ரயில்வே கேட் அடைத்துக் கிடந்தது. பிரேக்கை மிதித்து நிறுத்தினேன். மறுநொடி தலைக்கு மேலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் என் தோளிலும் மடியிலும் கொட்டியது. பக்கத்தில் நின்ற மாட்டுவண்டிக்காரர் என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பிறகு மரியாதையாக முகத்தை மாட்டின் பக்கம் திருப்பிக்கொண்டார். காலையில் பெய்த சாரல் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. ரோடுகூடக் காய்ந்துவிட்டது. ஈரச்சேலையோடு கிளினிக்கில் போய் இறங்கியதும், காத்திருந்த பெண்கள் நான் குற்றாலத்தில் குளித்துவிட்டு வருவதாக நினைத்துக்கொண்டார்கள்.

ஐம்பதுகளின் கடைசி அது. தென்காசியில் நான் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பக்கம் கிளினிக், பின்பக்கம் வீடு. சுற்றுக் கிராமங்களிலிருந்து ஆள் வந்து கூப்பிடும். மாட்டுவண்டியில் போய்ச் சேர்வதற்குள் சில வீடுகளில் எல்லாம் முடிந்திருக்கும். அப்படி ஒரு வீட்டு வாசலில் இறங்காமலே திரும்பி வந்த ஒரு நாளைக்குப் பிறகுதான் கார் வாங்குவது என்று முடிவு செய்தேன். மலைக்கு அந்தப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் மேனேஜராக இருந்த வெள்ளைக்காரர் ஒருவர், ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன பழைய சீமைக் கார் கிடைத்தது. ஓட்டக் கற்றுக்கொண்டேன். சேலை கட்டிய ஒருத்தி கார் ஓட்டிப் போவதைக் கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். கொஞ்ச நாளில் அவர்களுக்கும் அலுத்துவிட்டது.

அந்தக் காரின் கூரையில், முன்சீட்டுக்கு மேலே, நகரும் தகடு ஒன்று இருந்தது. கைப்பிடியைத் திருப்பிப் பின்னால் தள்ளினால் தகடு கூரைக்குள் நழுவிப் போய்விடும். தலைக்கு மேல் வானம் தெரியும். வெயிலுக்கு ஏங்குகிற ஊர்க்காரர்கள் தங்களுக்கென்று செய்துகொண்ட வசதி. நமக்கு அதில் என்ன வேலை? நான் அதைத் திறந்ததே இல்லை. மாசி, பங்குனி, சித்திரை எல்லாம் அப்படி ஒன்று இருப்பதே நினைவில்லாமல் போயின. வைகாசி கடைசியில் காற்று மாறியது.

தென்காசிக் காற்றை அனுபவிக்காதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைப்பது சிரமம். சாரல் காலம் முழுக்கக் கதவுகள் அடித்துக்கொண்டே இருக்கும். காயப்போட்ட துணி அடுத்த வீட்டில் கிடக்கும். வெயில், தூற்றல், மறுபடி வெயில் என்று பகல் முழுக்க மாறிக்கொண்டிருக்கும். வெளியூர்க்காரர்கள் அதற்காகவே குற்றாலத்துக்கு வருவார்கள். எனக்கு அந்த வருடம் அது தாங்கவில்லை. ஓட்டில் சடசடவென்று சத்தம் கேட்டாலே எழுந்துபோய்க் காரைப் பார்ப்பேன். நோயாளியின் நாடியைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது கண் ஜன்னலுக்குப் போகும். காருக்குள் பூஞ்சை வாடை வந்துவிட்டது. பின்சீட்டு எந்நேரமும் சதசதவென்று இருந்தது. அந்தச் சீட்டில்தான் நான் பிரசவ வேதனையில் இருக்கும் பெண்களைப் படுக்கவைத்துக் கூட்டிவர வேண்டும்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் பட்டறை வைத்திருந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் கூரைமேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். ஒரு சொட்டுக்கூட உள்ளே விழவில்லை.

"டாக்டரம்மா, வண்டி ஒழுகலையே."

"ஓடும்போது ஒழுகுது. நிறுத்தும்போது கொட்டுது."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், சில புருஷன்மார் தங்கள் மனைவியின் வயிற்றுவலியைப் பற்றி என்னிடம் சொல்லும்போது இருக்கும் அதே சந்தேகம் இருந்தது. ஆனாலும் நல்ல மனிதர். எதற்கும் இருக்கட்டும் என்று தகட்டைச் சுற்றியிருந்த இடுக்கு முழுவதும் தாரைக் காய்ச்சிப் பூசினார். வெயிலில் தார் இளகி, வடிந்து, விரிசல் விட்டது. அடுத்த சாரலுக்கு மறுபடியும் என் மடி நனைந்தது. இப்போது கறுப்புத் தண்ணீர்.

அந்தச் சமயத்தில்தான் என் தம்பி வந்தான்.

மெட்ராஸில் ஒரு பெரிய கம்பெனியில் ஜூனியர் இன்ஜினியர். எங்கள் அப்பா பாளையங்கோட்டையில் பார்ப்பவரிடமெல்லாம் அதைச் சொல்லாமல் இருக்கமாட்டார். ஒருநாள் காலை ரயிலில் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினான். லீவா என்று கேட்டேன். "அப்படித்தான் வச்சுக்கோ" என்றான். பாளையங்கோட்டைக்குப் போகவில்லை. அப்பாவிடம் சொல்லாதே என்று மட்டும் சொன்னான்.

அவனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிடும்போது பாதியில் எழுந்து வாசல்வரை போய்வருவான். கோவிலைச் சுற்றிக்கொண்டு ரயில்வே ஸ்டேஷன்வரை நடப்பான், திரும்பி வந்ததும் மறுபடி கிளம்புவான். பேப்பரை எடுத்தால் ஒரு பக்கம் முழுதாகப் படிக்கமாட்டான். கை எதையாவது திருகிக்கொண்டே இருக்கும். ஆடுகிற மேஜைக்கால், இறுகிப்போன தாழ்ப்பாள், அடைத்துக்கொண்ட ஸ்டவ் என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்தான். சரியாக இருந்த கடிகாரத்தையும் பிரித்தான். நான் டாக்டர். தூக்கம் வருகிறதா, தலை வலிக்கிறதா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் "ஒண்ணுமில்லக்கா" என்றான். அதற்குமேல் என்ன கேட்பது என்று எனக்கும் தெரியவில்லை. கண்ணாடி ஜன்னல் வழியாக அவன் முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் என் கால்களும் நிலைகொள்ளாமல் தவிக்கும்.

ஒருநாள் மதியம் குத்துக்கல்வலசைக்கு ஒரு பெண்ணைப் பார்க்கப் போனபோது அவனையும் காரில் ஏற்றிக்கொண்டேன். வீட்டில் தனியாக விட்டுப்போக மனம் வரவில்லை. ஒரு நாய் குறுக்கே ஓட, பிரேக் போட்டேன். வழக்கம்போலக் கொட்டியது. இந்த முறை அவன் மடியில்.

அவன் துடைத்துக்கொள்ளவில்லை. அண்ணாந்து பார்த்தான்.

"மழை எப்பக்கா நின்னது?"

"நாம கிளம்பும் முன்னாடியே."

"அப்ப இது எங்கன இருந்து வருது?"

"அது தெரிஞ்சா நான் ஏன் தெனமும் நனையுதேன்?"

மறுநாள் குற்றாலத்துக்குப் போவோம் என்றான். அங்கே சாரலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஐந்தருவி ரோட்டில் ஏற்றமும் இறக்கமும் உண்டு. என்னை ஓட்டச் சொல்லிவிட்டு, பின்சீட்டில் மண்டிபோட்டு, கழுத்தை வளைத்து, உள்பக்கக் கூரைத்துணியில் காதை வைத்துக்கொண்டான். குளிக்க வந்தவர்கள் தலையில் எண்ணெயும் தோளில் துண்டுமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஏற்றத்தில் ஏறும்போது பின்பக்கம் சொட்டியது. நிறுத்தும்போது முன்பக்கம் கொட்டியது. திரும்பத் திரும்ப அதே ஏற்றத்தில் ஏறி இறங்கினோம்.

"அக்கா, தண்ணி கூரைக்குள்ள தேங்கி நிக்கு. சளக் சளக்னு சத்தம் கேக்கு. நம்மகூடவே சவாரி வருது."

"நேரா மேலேயிருந்து விழலயா?"

"இல்ல. ஏறும்போது பின்னால சாயுது, நிறுத்தும்போது முன்னால சாயுது. அந்த மெக்கானிக் வண்டிய அசையாம நிறுத்தி வச்சு தண்ணி ஊத்துனா எப்படி ஒழுகும்?"

வீட்டுக்கு வந்ததும் மண்ணெண்ணெயும் துணியுமாக உட்கார்ந்து தாரை எல்லாம் சுரண்டினான். தகட்டைப் பாதி திறந்தான். கீழே விளிம்பைச் சுற்றிலும் விரல் அகலத்தில் ஒரு தகரக் கால்வாய் இருந்தது. அதில் கறுப்புத் தண்ணீர் நிறைந்து நின்றது. கால்வாயின் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு ஓட்டை.

"இந்த மூடி தண்ணியத் தடுக்கதுக்குன்னு செஞ்சது இல்லக்கா. கொஞ்சம் உள்ள வரத்தான் செய்யும்னு தெரிஞ்சே செஞ்சிருக்கான். வந்த தண்ணி இந்தக் கால்வாயில விழுந்து, மூலையில இருக்க குழாய் வழியா கீழ போயிரணும். போக வழியில்லாம நிக்கு. நீ கீழ குனிஞ்சு பாரு."

நான் சேலையைச் செருகிக்கொண்டு தரையில் படுத்துக் காரின் அடியில் பார்த்தேன். அவன் மேலே டம்ளரால் ஊற்றினான். பின்பக்கம் இடதுகுழாயில் மட்டும் தண்ணீர் ஒழுங்காக வந்தது. வலதில் நூல்போல வடிந்தது. முன்குழாய்கள் இரண்டின் வாயிலும் காய்ந்த களிமண் அடைத்திருந்தது. விரலால் நிமிண்டினேன். உதிர்ந்தது. உள்ளே பச்சைப் புழுக்கள் சுருண்டு கிடந்தன.

"குளவிக் கூடுலே."

வெயில்காலம் முழுக்கக் காய்ந்து கிடந்த குழாய்களில் குளவிகள் குடியேறியிருக்கின்றன. கிளினிக்கிலிருந்து பெரிய சிரிஞ்சைக் கொண்டுவந்து, வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி ஊறவைத்தேன். மண் குழம்பாகக் கரைந்து வந்தது. முன்குழாய்கள் இரண்டும் திறந்துவிட்டன. எனக்கு வந்த சந்தோஷத்தில் உள்ளே போய்க் காபி போட்டேன். திரும்பி வரும்போது, அவன் சைக்கிள் பிரேக் கம்பி ஒன்றைப் பின்பக்க வலதுகுழாயில் விட்டுக் குத்திக்கொண்டிருந்தான்.

"மெதுவாலே. ஊறட்டும்."

"ஊறுறதுக்கு எவ்வளவு நேரம்?" என்று சொல்லிக்கொண்டே ஓங்கி ஒரு குத்துக் குத்தினான். கம்பி சட்டென்று உள்ளே போனது. இளகியது அடைப்பு இல்லை. மக்கிப்போயிருந்த ரப்பர் குழாய், கூரைத்துணிக்கு உள்ளே எங்கேயோ கிழிந்துவிட்டது. டம்ளர் தண்ணீரை ஊற்றினோம். மொத்தமும் பின்சீட்டில் விழுந்தது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எதையும் பொறுமையா செய்ய ஒனக்குத் தெரியாதா? என் பொழப்பே இந்த வண்டியிலதான் ஓடுது" என்று கத்தினேன். அவன் கூரைத்துணியைப் பிடித்து ஓரத்திலிருந்து உரிக்க ஆரம்பித்தான். வேறு வழியும் இல்லை. குழாயை மாற்றவேண்டுமானால் துணியைக் கழற்றியே ஆகவேண்டும். காபி ஆறிப்போனது.

துணி பாதி தொங்கிக்கொண்டிருக்கும்போது சைக்கிளில் ஒருவர் வந்து இறங்கினார். இலத்தூர்க்காரர். மூச்சு வாங்கியது.

"டாக்டரம்மா, வீட்டுல நேத்திலயிருந்து வலி. மருத்துவச்சி கைய விரிச்சிட்டா. ஒடனே வரணும்."

நான் காரைப் பார்த்தேன். குதிரைவண்டி கூப்பிடலாம். ஆனால் போய்ச் சேர நேரமாகும், அதில் அவளைப் படுக்கவைத்துத் திருப்பிக் கொண்டுவரவும் முடியாது. தம்பி தொங்கிய துணியை ஒரே இழுப்பில் கிழித்து எறிந்துவிட்டு, "ஏறுக்கா" என்றான். மருந்துப்பெட்டியை எடுத்துக்கொண்டேன். சைக்கிளை எங்கள் முற்றத்தில் சாத்திவிட்டு அவரும் ஏறிக்கொண்டார்.

போகும்போது மழை இல்லை. இலத்தூரில் அந்த வீட்டுக்குள் இருட்டாக இருந்தது. சின்னப் பெண், முதல் பிரசவம், கண்கள் செருகிக் கிடந்தாள். தொட்டுப் பார்த்ததும் புரிந்தது. குழந்தையின் தலை திரும்பாமல் நடுவழியில் நின்றுவிட்டது. இடுக்கி ஆயுதம் போட்டுத்தான் எடுக்கவேண்டும். அந்த வெளிச்சத்தில் அதைச் செய்ய எனக்குத் துணிச்சல் இல்லை.

"தென்காசிக்குக் கூட்டிட்டுப் போயிருவோம்" என்றேன்.

அவளுடைய மாமியார் முதலில் தயங்கினார். "வழியில ஒண்ணு ஆயிட்டா?"

"இங்கன இருந்தா கட்டாயம் ஆயிரும் ஆச்சி."

அவர் போய்ப் பாயையும் போர்வையையும் எடுத்துவந்தார். பின்சீட்டில் அவர் மடியில் தலைவைத்து அந்தப் பெண்ணைப் படுக்கவைத்தோம். புருஷன் முன்னால். தம்பிக்கு இடமில்லை. சீட்டுகளுக்கு நடுவில் தரையில் குந்திக்கொண்டான்.

கிளம்பியதுதான் தாமதம், மலைப்பக்கமிருந்து சாரல் இறங்கிவிட்டது. தூற்றல் இல்லை, மழையேதான். கிழிந்த குழாயிலிருந்து தண்ணீர் நேராக அவள் முகத்தில் விழுந்தது. மாமியார் முந்தானையால் மறைத்தார். நனைந்து ஒட்டியதும் அவளுக்கு மூச்சு முட்டியது. வண்டியை நிறுத்தலாமா என்று நினைத்தேன். நிறுத்தி என்ன செய்வது?

"அக்கா, பெட்டியில ரப்பர் குழாய் இருக்கா?"

"எனிமா குழாய் இருக்கு. ஏன்?"

அவன் பெட்டியைத் திறந்து துழாவி எடுத்தான். எட்டிப் பார்க்க எனக்கு நேரமில்லை. கண்ணாடியில் எப்போதாவது தெரிந்ததை வைத்துத்தான் சொல்கிறேன். கிழிந்த குழாயின் மேல்முனையில் இதைச் செருகி, விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறுமுனையை ஜன்னல் வழியாக வெளியே விட்டிருந்தான். தண்ணீர் வெளியே போனது. குழாய் வாகாக நிற்பதற்குக் கையை உயர்த்தி, உடம்பை முறுக்கி, குந்திய நிலையிலேயே இருக்கவேண்டும். வண்டி பள்ளத்தில் விழும்போதுகூட அந்தக் கை இறங்கவில்லை. அந்தப் பெண் வலியில் கத்தி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பட்டன் தெறித்தது. அப்போதும் அசையவில்லை.

"தண்ணி வரலல்லா? பயப்படாத. இந்தா வந்துட்டோம்" என்று அவளிடம் சொல்லிக்கொண்டே வந்தான். பல நாளாக எங்கள் வீட்டில் அவன் அவ்வளவு பேசியதில்லை.

ரயில்வே கேட் திறந்திருந்தது.

கிளினிக்கில் மேஜைமேல் ஏற்றியதும் மற்றதெல்லாம் என் வேலை. சுலபமாக வரவில்லை. வெளியே எடுத்தபோது குழந்தை நீலம் பாரித்திருந்தது. தலைகீழாகப் பிடித்துத் தட்டி, வாயைத் துடைத்து, ஊதி, நர்ஸும் நானும் மாறி மாறி என்னென்னவோ செய்தோம். கடைசியில் பூனைக்குட்டிபோல ஒரு முனகல். பிறகு அழுகை. பெண் குழந்தை. தாய்க்குத் தையல் போட்டு முடித்து வெளியே வந்தபோது மாமியார் பெஞ்சில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தார். தம்பியும் குழந்தையின் தகப்பனும் முற்றத்தில் பின்சீட்டைக் கழற்றிப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னதும் அந்த மனிதர் கையிலிருந்த தேங்காய்நாரோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தம்பி மட்டும் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"ரெண்டு பேரும் நல்லாருக்காங்கலே" என்றேன் மறுபடியும்.

"கேட்டுச்சுக்கா" என்றான். அவன் வலதுகை விரல்கள் மடங்கியபடியே இருந்தன, நீட்ட முடியவில்லை. உள்ளே கூட்டிப்போய் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன்.

திருநெல்வேலி ஜங்ஷனில் ஆஸ்பத்திரிச் சாமான் விற்கும் கடையிலிருந்து புது ரப்பர் குழாய் வாங்கிவந்து நான்கு மூலைக்கும் மாட்டினோம். இந்த முறை அவன் அவசரப்படவில்லை. ஒவ்வொன்றிலும் தண்ணீர் விட்டு, கீழே வருகிறதா என்று பார்த்து, பிறகே அடுத்ததற்குப் போனான். குளவி நுழையாமல் இருக்க, குழாய் வாயில் கொசுவலைத் துண்டை வைத்துக் கட்டினான். கிழித்த கூரைத்துணிக்குப் பதிலாகக் கடையநல்லூர் கைத்தறித் துணியைத் தைத்துப் பொருத்தினோம். கோடுபோட்ட துணி. காருக்குள் உட்கார்ந்தால் மெத்தை உறைக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

சோதித்துப் பார்க்க மறுபடியும் குற்றாலம். ஐந்தருவி ரோட்டில் ஏற்றத்தில் ஏறி, இறங்கி, வேண்டுமென்றே பிரேக் அடித்து, ஒரு மரத்தடியில் ஓரமாக நிறுத்தினேன். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தோம். வெளியே கொட்டியது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. ஆனாலும் இரண்டு பேரும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மெட்ராஸ்ல என்னதான் நடந்துச்சு?" என்றேன்.

"ஒண்ணும் நடக்கலக்கா. யாரும் ஒண்ணும் சொல்லல. ஒருநாள் காலையில சட்டையப் போட்டேன், செருப்ப மாட்டினேன். ஆபீசுக்குப் போக கால் வரல. மறுநாளும் வரல. அந்த நாற்காலி, அந்த மேஜை, அந்த ஃபேன். நெனச்சாலே நெஞ்சு அடைக்கு."

"அப்பாட்ட என்ன சொல்லப் போற?"

"அதான் தெரியல. நீ டாக்டர்தானே, இதுக்கு என்ன பேரு?"

"தெரியாது" என்றேன். உண்மையிலேயே தெரியாது. எங்களுக்கு அதைப் பற்றி யாரும் பாடம் எடுக்கவில்லை. மருந்து ஏதாவது எழுதித் தரலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். பிறகு, "நாற்காலி இல்லாத வேலையாப் பாரேன்" என்றேன். சமாளிப்பதற்காகச் சொன்னதுதான். அவன் அதைப் பிடித்துக்கொண்டான்.

கரண்டு கிராமங்களுக்கு வந்துகொண்டிருந்த காலம். கிணறுகளில் பம்புசெட்டு மாட்டும் கம்பெனி ஒன்றுக்கு ஊர் ஊராகப் போய் ரிப்பேர் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. அவன் படிப்புக்கு அது குறைச்சலான வேலை. ஆவணியில் சேர்ந்தான். அப்பாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அவனோடு மறுபடி பேச அவருக்கு அடுத்த வருடம் பொங்கல்வரை ஆனது.

தீபாவளிக்கு மறுநாள் தென்காசிக்கு வந்தான். கறுத்துப்போயிருந்தான், கைகளில் கிரீஸ் படிந்த கீறல்கள். முந்தின நாள் எந்த ஊரில் இருந்தான், நாளை எங்கே போகிறான் என்று இட்லி சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். சாப்பிட்டு முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. நான் அதைப் பார்த்தேன். வெளியே வடகிழக்கு மழை வலுத்துக்கொண்டிருந்தது. நர்ஸ் வந்து, அடுத்த ஆளை அனுப்பலாமா என்று கேட்டாள். அனுப்பு என்றேன். தம்பி பையை மாட்டிக்கொண்டு, சங்கரன்கோவில் பஸ்ஸைப் பிடிக்கக் குடையில்லாமல் ஓடினான்.